எதிர்ப்பக்கம்

எதிர்ப்பக்கத்தில் ஒரு கறை அதிகமாக இருந்தது.

பழைய புத்தகத்தில் கறை இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. இல்லாவிட்டால்தான் அவளுக்குச் சந்தேகம் வரும். ஈரம், பூஞ்சை, யாரோ சிந்திய எண்ணெய், எந்தக் காலத்திலோ பக்கங்களுக்கிடையில் நசுங்கிச் செத்த பூச்சி என்று ஒவ்வொரு கறைக்கும் பூர்வீகம் சொல்லிவிடுவாள். அவள் பிழைப்பே அதுதான். நூலகத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டு மறைத்த அறையில், பழைய படப் புத்தகங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறார்கள். அப்படி ஏறிய பக்கங்களை நிமிர்த்தி, துடைத்து, பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது அவள் வேலை.

பக்கம் புரட்டுகிறவர் அவளைவிட மூத்தவர், ஆனால் அவசரக்காரர். தாளைப் பிடித்த கையை எடுப்பதற்குள் பொத்தானை அழுத்திவிடுவார். கப்பல் படத்தில் கப்பலைவிடப் பெரிதாக, ராணி படத்தில் ராணியின் தோளைத் தட்டிக்கொடுத்தபடி, எங்காவது ஓர் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் வந்து நிற்கும். அதை அழிப்பதிலேயே அவளுக்குப் பாதிப் பொழுது போய்விடும். நாளடைவில் அவருக்குக் கட்டைவிரல் என்றே பெயர் ஆகிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பதிலுக்கு அவளுக்குப் பேயோட்டி என்று பெயர் வைத்தார்.

அதற்கும் காரணம் உண்டு. மூடிய புத்தகத்துக்குள் படமும் எதிர்ப்பக்கமும் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடக்கின்றன. வருஷக்கணக்கில் அப்படிக் கிடந்தால் படத்தின் மசி மெல்ல மெல்ல எதிர்ப்பக்கத்தில் இறங்கி, அங்கே டீக்கறை நிறத்தில், இடம் வலம் மாறி, மங்கலாக இன்னொரு படம் உண்டாகிவிடும். இந்த அறையில் அதற்குப் பேய் என்று பெயர். அதை அழிப்பது பேயோட்டுவது. மாலையானால் கட்டைவிரலிடமிருந்து செல்போனில் செய்தி வரும்: 'பேய் ஒட்டியாச்சா?'

"அண்ணே, ஓட்டியாச்சான்னு நெடிலா போடுங்க. ஒட்டியாச்சான்னா வேற அர்த்தம்" என்று அவள் சொல்லாத நாள் இல்லை.

"என் விரல் தடிமனுக்கு ஒரு சுழி தப்பிப்போகுதும்மா. அர்த்தம் புரிஞ்சா போதாதா?" என்பார் அவர்.

அவள் எல்லாவற்றையும் அழித்துவிடுவதுமில்லை. யாருக்கும் தெரியாமல் கணினியில் 'அழகு' என்ற பெயரில் ஒரு பெட்டி வைத்திருந்தாள். ஸ்கேன் ஓடும்போது தாள் நழுவியதால் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஆறு போல வழிந்துவிட்ட ஒரு குதிரை. படத்தின் மேல் காவலாக வைக்கும் மெல்லிய பட்டர் பேப்பரை விலக்க மறந்ததால் பனிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு பறவை. சரியாக நிலாவின் நடுவில் புழு துளைத்த ஓட்டை. வானத்துக்காகச் செதுக்கிய நெருக்கமான கோடுகள் படத்தைச் சிறிதாக்கியதும் அலை அலையாகத் தளும்பிய ஒரு கிராமம். வரைந்தவனும் நினைக்காத, அச்சடித்தவனும் நினைக்காத அழகு அது. பேய்களிலும் சிலவற்றைச் சேர்த்து வைத்திருந்தாள். கரடுமுரடான படம்கூட எதிர்ப்பக்கத்தில் இறங்கும்போது கனிந்துவிடும்.

எவ்வளவு துல்லியமாகப் பேய் இறங்கியிருந்தாலும், நிறத்தைச் சரிசெய்து படத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும், எது படம், எது பேய் என்று அவள் கண் சிமிட்டுவதற்குள் சொல்லிவிடுவாள். சட்டைப் பித்தான் எந்தப் பக்கம், பேனா எந்தக் கையில் என்று பார்த்தால் போதும். கட்டைவிரல் எத்தனையோ முறை அவளை ஏமாற்றப் பார்த்து மூக்குடைபட்டிருக்கிறார்.

அன்றைக்கு வந்தது, வீட்டை எப்படி வைத்துக்கொள்வது என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் ஒரு பழைய தடிப் புத்தகம். அதில் ஒரு முழுப்பக்கப் படம். 'குழந்தை உறங்கும் அறையில் காற்றோட்டம்' என்று கீழே போட்டிருந்தது. திறந்த ஜன்னல், ஒரு காலி நாற்காலி, கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்கும் குழந்தை, பாதி திறந்த கதவு. காற்று வரும் வழியைக் காட்டச் சின்னச் சின்ன அம்புக்குறிகள். ஜன்னலில் நுழைந்து, நாற்காலியைச் சுற்றி, கட்டிலின் மேல் குனிந்து, கதவு வழியாக வெளியேறின. எதிர்ப்பக்கத்தில் அதே அறை, பழுப்பாக, இடம் வலம் மாறி. அந்த அறையின் ஜன்னலோரத்தில்தான் அந்தக் கறை.

படத்தில் இல்லாத மசி பேயில் எப்படி வரும்? வரக்கூடாது. கறை உயரமாக, மேலே சற்று ஒடுங்கி இருந்தது. திரைச்சீலைக்குப் பக்கத்தில் யாரோ ஒதுங்கி நிற்கிறார்கள் என்று நினைத்தால் அப்படியும் தெரிந்தது. பூஞ்சை என்று முடிவுகட்டினாள். ஆனாலும் அழகாக இருந்தது. அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து 'அழகு' பெட்டியில் போட்டுக்கொண்டாள். கீழே வாசகத்தின் கடைசி எழுத்துகளைக் கட்டைவிரல் வழக்கம்போல மறைத்திருந்ததால், நாளைக்கு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லிக் குறிப்பு வைத்துவிட்டு எழுந்தாள்.

வீட்டில் அவளும் மகளும்தான். கணவன் லாரி ஓட்டுகிறவன், போனால் வாரக்கணக்கில் போவான். மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். முதல் வகுப்பு, இடது கைக்காரி. ஓடிவந்து மேஜை விளிம்பில் மோதிக்கொண்டதில் இடப் புருவத்தைக் குறுக்கே கடந்து போகும் ஒரு தழும்பு, அந்த இடத்தில் முடி முளைக்கவில்லை. தையல் போட்ட டாக்டரின் கையைக் கடித்தவள், இப்போது அந்தத் தழும்பைப் பரிசு வாங்கியது மாதிரி எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிகிறாள். தன்னை வரையும்போது முதலில் சிவப்புப் பென்சிலால் தழும்பைப் போடுவாள், அப்புறம்தான் முகம்.

அம்புக்குறிப் படத்தைப் பற்றிச் சொன்னதும் வாலுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"காத்துக்கு வழி தெரியாதாம்மா? நாமதான் அம்பு போட்டுக் காட்டணுமா?"

"அந்தக் காலத்துக் காத்து. கொஞ்சம் மக்கு."

உடனே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு தங்கள் அறையை வரைந்தாள். அம்மா அலுவலகத்திலிருந்து கொண்டுவரும் வீணான அச்சுத்தாள்களின் வெற்றுப் பின்பக்கம்தான் வாலு படம் வரையும் தாள். ஜன்னல், துணி குவிந்த நாற்காலி, கட்டிலில் அம்மாவும் தானும், கதவு. ஜன்னலில் தொடங்கிக் கதவுவரை அம்புக்குறிகள். "உன் ஆபீஸ்ல வச்சுக்கோ. அவங்க படத்தைவிட இது நல்லாருக்கு" என்று கொடுத்தாள்.

படுக்கும்போது வாலு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். முதுகை அம்மாவின் வயிற்றில் பதித்து, "ஒட்டிப் படும்மா" என்பாள். முகம் பார்த்துப் படுக்க மட்டும் விடமாட்டாள். அம்மாவின் மூச்சு மூஞ்சியில் அடிக்கிறதாம், மேல்நாட்டு மகாராணி.

மறுநாள் அந்தப் படத்தைக் கொண்டுபோய்த் தன் மேஜையில் வைத்தாள். மறு ஸ்கேன் வந்தது. விரல் இல்லை, வாசகம் முழுசாக இருந்தது. ஜன்னலோரத்திலும் எதுவும் இல்லை.

கறை நாற்காலியில் இருந்தது.

முதல் ஸ்கேனைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். அதே தாள், மடங்கிய அதே மூலை. முதலில் ஜன்னலருகில் நின்றது இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மடிந்த முழங்கால்கூடத் தெரிந்தது. எதிரே அசல் படத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. கணினியின் விசிறி ஓடும் சத்தமும், அடுத்த அறையில் கட்டைவிரலின் ஸ்கேனர் அவ்வப்போது நீளமாக மூச்சுவிடுவதும், பழந்தாளின் மக்கிய இனிப்பு வாடையும் எப்போதும் இருப்பவைதான். ஆனாலும் அவள் எழுந்துபோய்க் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"அண்ணே, பேய் இடம் மாறுது."

"எங்க போவுது, என் சீட்டுக்கா?" என்று கேட்டுக்கொண்டே வந்த கட்டைவிரல், இரண்டு ஸ்கேனையும் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு புத்தகத்தைக் கொண்டுவந்து இருவரும் விளக்கடியில் பிரித்தார்கள். நிஜத் தாளிலும் கறை நாற்காலியில்தான் இருந்தது.

"இங்க பாரு" என்று அவர் தையலோரத்தில் விரலை வைத்தார். பட்டர் பேப்பர் ஒன்று கிழிக்கப்பட்டு, அதன் விளிம்பு மட்டும் நூலில் ஒட்டிக்கொண்டிருந்தது. படத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் நடுவில் காவலாக வைத்துத் தைத்தது. "இதைப் பிச்சு எடுத்திருக்காங்க. அதான் பேய் எறங்கிருக்கு."

"மத்த படத்துக்கெல்லாம் இருக்கா?"

அவர் முழுப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்தார். படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் வேறு எதற்கும் பட்டர் பேப்பர் வைத்த தடயமே இல்லை. இந்த ஒன்றுக்கு மட்டும்தான் யாரோ வைத்திருக்கிறார்கள்.

"விலை உயர்ந்த படமா இருக்கும்" என்றார் கட்டைவிரல். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை.

புத்தகத்தை அங்கேயே மூடித் திறந்து பார்த்தார்கள். கறை அசையவில்லை. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார். இருந்தாலும் புத்தகத்தை அலமாரியில் வைக்கும்போது அதன்மேல் ஒரு கனமான அகராதியைத் தூக்கி வைத்தார். ஏன் வைத்தார் என்று அவளும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அவளே போய்ப் புத்தகத்தை எடுத்தாள். நாற்காலி காலி. கறை கட்டிலருகில் நின்று, அம்புக்குறிகள் குனியும் அதே வளைவில் குனிந்திருந்தது. கைபோல ஒன்று போர்வை விளிம்புவரை வந்திருந்தது. இந்தப் பக்கத்துப் படத்தில் குழந்தை கண் மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் அதன் கண்கள் திறந்திருந்தன.

அவளுக்குப் புரிந்துவிட்டது, யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. படம் காட்டுவது புத்தகம் திறந்திருக்கும்போது இருக்கிற அறை. எதிர்ப்பக்கம் காட்டுவது மூடியிருக்கும்போது நடப்பது. இருட்டில், முகத்தோடு முகம் இருக்கும்போது. அச்சுமசியில் இருக்கும் ஏதோ ஒரு குழந்தை, அதற்காக இப்படிப் பதறலாமா என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனால் கட்டிலில் படுத்திருந்த அளவு வாலுவின் அளவு. கழுத்துவரை போர்த்தியிருந்ததும் வாலுவைப் போலத்தான்.

"அண்ணே, நடுவுல ஒரு தாள் வைங்க. இன்னிக்கே. பட்டர் பேப்பர் இருந்த இடத்துல."

"பேயோட்டியே பயந்தா மத்தவன் கதி என்னம்மா?"

"கிண்டல் பண்ணாதீங்க. அந்தப் புள்ள மேல அது கை வைக்கக்கூடாது."

அவள் அழுதுவிடுவாள் என்று பட்டதோ என்னவோ, கட்டைவிரல் கிண்டலை விட்டார். அவள் முகம் கழுவப் போன நேரத்தில், அவள் மேஜையில் இருந்த வீண் அச்சுத்தாள் அடுக்கிலிருந்து மேலாக இருந்த ஒன்றை எடுத்து, நடுவில் வைத்து மூடி, அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். ஒரு பக்கம் அச்சுப் பிழையான தாள். மறுபக்கம் என்ன இருக்கிறது என்று அவர் திருப்பிப் பார்க்கவில்லை. அவசரக்காரர்.

மறுநாள் மாலை அவர்கள் புத்தகத்தைத் திறந்தபோது எதிர்ப்பக்கத்தில் கறையே இல்லை. ஜன்னல், நாற்காலி, கட்டில், கதவு எல்லாம் படத்தில் உள்ளபடி. குழந்தையின் கண்கள் மூடியிருந்தன. அவள் நாற்காலியில் உட்கார்ந்தேவிட்டாள். கட்டைவிரல் தன் செல்போனில் எதையோ தட்ட, அவள் செல்போன் மேஜையில் அதிர்ந்தது. 'பேய் ஒட்டியாச்சு.' இந்தத் தடவை அவள் திருத்தவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள்.

"இந்தா உன் தாள்" என்று அவர் நடுவிலிருந்ததை எடுத்து நீட்டினார். அவள் அதைத் திருப்பினாள்.

வாலு வரைந்த அறை.

துணி குவிந்த நாற்காலி, கட்டிலில் பெரியதும் சின்னதுமாக இரண்டு உருவம், சின்னதின் முகத்தில் சிவப்புக் கோடு. ஜன்னலோரத்தில், பென்சில் படாத இடத்தில், டீக்கறை நிறத்தில் ஒன்று. உயரமாக. மேலே சற்று ஒடுங்கி.

கட்டைவிரல் எட்டிப் பார்த்தார். "நான் பாக்கலம்மா. சத்தியமா பின்னால பாக்கல" என்றார்.

கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டு கையாலும் பிடித்தும்விட்டாள். ஆனால் கட்டிலில் இருப்பது யார்? கிழித்தால் யாரைக் கிழிப்பது? கொளுத்தினால் யாரைக் கொளுத்துவது? அங்கே விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை, யாராவது மேலே ஒரு புத்தகத்தை வைத்துவிடுவார்கள். யோசித்து யோசித்து அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வழி, அதுவும் அவள் தொழில் சொல்லிக்கொடுத்த வழி. எதுவும் இதற்கு எதிர்ப்பக்கமாக இருக்கக்கூடாது. மடிக்கக்கூடாது. மூடக்கூடாது. படம் மேலே பார்க்க, திறந்தே இருக்க வேண்டும்.

பள்ளியிலிருந்து வாலுவை அழைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினாள். தாளை உள்ளங்கைகளில் விரித்தே வைத்திருந்தாள்.

"என் படத்தை ஏம்மா தட்டு மாதிரி தூக்கிட்டு வர்றே?"

"கசங்கக்கூடாதுன்னு."

வாலு எட்டிப் பார்த்தாள். "ஜன்னல்கிட்ட யாரு? நான் வரையலையே."

"கறைடி. ஆபீஸ் கறை."

அப்போது ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டார். நின்றிருந்தவர்கள் எல்லாம் முன்னால் சாய்ந்தார்கள். அவள் ஒரு கையால் மகளைப் பிடித்தாள், மறு கையிலிருந்த தாள் நழுவப்போக, யோசிக்காமல் அதை நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள். ஒரே ஒரு மூச்சு நேரம். சட்டென்று எடுத்துவிட்டாள். பார்க்கப் பயந்து வீடுவரை தாளைப் பார்க்காமலே வந்தாள்.

வீட்டில் விளக்கைப் போட்டுப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அறையின் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள். நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்துவந்து சுவரோடு கவிழ்த்து வைத்தாள். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துதான் செய்தாள். தாளை அலமாரி உச்சியில், படம் மேலே பார்க்க விரித்து வைத்தாள். அதற்கு மேல் விட்டம்தான், எட்டாத உயரத்தில். கணவனுக்குப் போன் போட்டாள். லாரி இரைச்சலுக்கு நடுவில் அவன் சிரித்தான்.

"புத்தகத்துல இருக்குற படத்துக்குப் பயந்தா, நான் ரோட்டுல பாக்குறதுக்கெல்லாம் என்ன பண்றது? சாப்பிட்டுட்டுத் தூங்கு."

"நீங்க எப்ப வருவீங்க?"

அதற்குள் சிக்னல் போய்விட்டது.

மழை பிடித்துக்கொண்டது. அடுப்படியில் குக்கர் சீறிக்கொண்டிருந்தது. கூரைத் தகரத்தில் மழை விழும் இரைச்சலும், குழாயடியில் பாத்திரம் நிரம்பும் சத்தமும், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பார்க்கும் தொலைக்காட்சியின் முணுமுணுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்தன. அந்த இரைச்சலுக்கு அடியில் அறையிலிருந்து வாலு தனக்குத்தானே பாடிக்கொள்ளும் குரல் கேட்டபடி இருந்தது. அந்தக் குரல் கேட்கிறவரை பயமில்லை என்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிக்கொண்டாள். விளக்கெரியும் வீடு, சாத்திய ஜன்னல், பாடுகிற குழந்தை. இதில் பயப்பட என்ன இருக்கிறது?

கழுத்தின் பின்புறம் காற்றுப் பட்டது.

குளிர்ந்த காற்று. பழந்தாளின் மக்கிய இனிப்பு வாடையோடு. அறைப் பக்கத்திலிருந்து வந்தது. கொக்கியைத் தன் கையால் போட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

அறையில் எதையோ தரையில் இழுக்கும் சத்தம். மரம் தரையில் உரசும் சத்தம்.

நாற்காலி கூடத்தில்தானே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். சுவரோரம் காலியாக இருந்தது.

"வாலு?"

பாட்டு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"வாலு, என்னடி பண்றே?"

மழை. குக்கர் ஒருமுறை கத்தி ஓய்ந்தது. அவ்வளவுதான்.

கத்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள். அறை வாசலில் ஒரு கணம் நின்றாள். ஜன்னல் திறந்திருந்தது. நாற்காலி அலமாரிக்குக் கீழே நின்றது. வாலுதான் இழுத்துவந்து ஏறியிருக்கிறாள், அவளுடைய படம் அவளுக்கு வேண்டும், வேறென்ன? இப்போது கட்டிலில், துணிக்குவியலுக்கு நடுவில், கழுத்துவரை போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். சுவரைப் பார்த்தபடி. அதற்குள்ளேயா தூங்கிப்போனாள்? போர்வைக்கு வெளியே நீட்டிய கையில் பென்சில் இருந்தது. கன்னத்துக்கு அடியில் தாள். கவிழ்ந்து கிடந்தது. படமும் முகமும் ஒன்றோடொன்று.

அவள் பாய்ந்து தாளை உருவினாள்.

நாற்காலியில் கறை இல்லை. கட்டிலருகிலும் இல்லை. கண்கள் அம்புக்குறிகளின் பின்னாலேயே ஓடின. ஜன்னல், நாற்காலி, கட்டில். கதவு. கதவில் இருந்தது. அம்புகள் முடியும் இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, வெளியே கால் வைத்தபடி. போகிறது. வந்த வழி முடிந்து வெளியே போகிறது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கடவுளே, போய்விட்டது.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

உயரமான கறையின் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. கையைப் பிடித்து இழுத்துப்போவது போல. பெரியது திரும்பவில்லை. சின்னது திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. வாய் திறந்திருந்தது. எல்லாம் பழுப்பாக இருக்க, அதன் முகத்தில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு.

படத்திலிருந்த கட்டிலைப் பார்த்தாள். வாலு வரைந்த பெரிய உருவம் அப்படியே படுத்திருந்தது. அதன் பக்கத்தில் வெறும் தாள்.

தாள் கையிலிருந்து நழுவியது.

கட்டில் கிறீச்சிட்டது. குழந்தை புரண்டு, சுவரை விட்டு, அவள் பக்கம் திரும்பியது. பென்சிலைப் பிடித்த கையால் கண்ணைக் கசக்கியது.

வலது கை.

எதிரே இருப்பவரின் இடது நமக்கு வலது. நமக்கு இடதில் தெரிவது அவருக்கு வலது. இத்தனை வருஷம் சோறு போட்ட கணக்கு, ஒருமுறைகூடத் தப்பாத கணக்கு, தப்பாக இருக்கக்கூடாதா என்று அவள் மறுபடி போட்டாள். தன் புருவத்தைத் தானே தொட்டுப் பார்த்துப் போட்டாள். கத்தி தரையில் விழுந்தது அவளுக்குக் கேட்கவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் அந்த முகம் சற்றே பழுப்பாக, சற்றே கனிந்து, அவள் பெற்ற பிள்ளையைவிட அழகாக இருந்தது. தழும்பு வலப் புருவத்தில் இருந்தது.

அது போர்வையை விலக்கி, பக்கத்தில் இடம்விட்டு, தட்டிக் காட்டியது.

"ஒட்டிப் படும்மா" என்றது, வாலுவின் குரலில். "இந்தப் பக்கம் திரும்பி. மூஞ்சியோட மூஞ்சி."